மஞ்சக் கார் கேட்டவளும் நான் செஞ்ச வியாபாரமும்

தம்பி,

லெட்டர்னா நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கணும். முந்தாநேத்து சாயந்திரந்தான் என் கண்ணு முன்னாடி நாலு தோசை தின்னுட்டு பஸ் ஏறுன, உன் நலம் எனக்குத் தெரியும். நான்தான் நல்லா இல்ல. இன்னிக்கி செவ்வாக்கெழம, கடையில எனக்கு வார லீவு. காலையில இருந்து இந்த நோட்டை வெச்சுக்கினு ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துக்கினு இருக்கேன். நாலு பக்கம் எழுதிக் கிழிச்சுப் போட்டாச்சு. உங்கம்மா வந்து எட்டிப் பாத்துட்டு, "என்னாத்த எழுதுற அப்டி, உயிலா?"ன்னா. "உன் மவனுக்கு லெட்டர்"னேன். "போனு இருக்குதுல்ல?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. போன்ல பேசுனா நான் பேச்சுல ஜெயிச்சுடுவேன், அதான் பயமா இருக்குதுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?

பஸ்ல கால் வெக்கிறப்போ நீ ஒண்ணு சொன்ன, ஞாபகம் இருக்குதா? "அப்பா, பார்க்ல ஜெனிய மடக்குன பாரு, அந்த டெக்னிக்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பா. புனே போயிட்டா நானும் மெர்சியும்தான் தனியா மாரடிக்கணும். உன் பேத்திக்கு எங்க போனாலும் மஞ்சள்தான் வேணும்." சிரிச்சுக்கினே சொன்ன. நானும், "அதுக்கென்னா, எழுதித் தந்துட்டாப் போச்சு"ன்னு பெருசா தலைய ஆட்டுனேன். பஸ்ஸு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல திரும்புற வரைக்கும் பெருமை தாங்கல. வீட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள அந்தப் பெருமை எங்கியோ போயிடுச்சு. எழுத உக்காந்தா கை ஓட மாட்டேங்குது.

டெக்னிக் தெரியாம இல்ல. முப்பது வருஷமா அதுலதான் சோறு தின்றேன். பட்டுக்கடை மெத்தையில உக்காந்து புடவை பிரிச்சுக் காட்டுறவனுக்கு மொத பாடமே, வாயில இல்லைன்னு வரக்கூடாது. ஒரு அம்மா வந்து மாம்பழ மஞ்சள்ல அரக்கு பார்டர் கேக்குது. ஸ்டாக்குல இல்ல. இல்லன்னு சொன்னா அந்தம்மா எந்திரிச்சு பக்கத்துக் கடைக்குப் போயிடும். அதனால மொதல்ல, "ஆஹா, என்னா டேஸ்டும்மா உங்களுக்கு!"ன்னு அவங்க கேட்ட கலரையே தூக்கி வெச்சுப் பேசணும். அப்புறம் மஞ்சள்லயே வெளுத்தது, அழுது வடியுறது, அசட்டுப் பார்டர்னு மூணை எடுத்துப் பிரிச்சுப் போடணும். அவங்க மூஞ்சி சுருங்கும். அப்பதான், ஏதோ இப்ப ஞாபகம் வந்த மாதிரி, நாம தள்ளிவிட வேண்டிய கத்திரிப்பூ கலரை எடுத்து, பிரிக்காம மடியில வெச்சுக்கணும். "இது வேற ஒருத்தங்களுக்கு எடுத்து வெச்சதும்மா, சும்மா பாருங்க." கூட வந்த அக்காவோ தங்கச்சியோ, "உனக்கு எடுப்பா இருக்குதுடி"ன்னு சொல்ற வரைக்கும் வாய மூடிக்கினு இருக்கணும். மஞ்சள் கேட்டு வந்தவங்க கத்திரிப்பூவோட போவாங்க. போறப்போ எனக்கு தேங்க்ஸ் வேற சொல்லிட்டுப் போவாங்க. இது மட்டுந்தான்பா அந்த டெக்னிக். உன் நாலு வயசுப் பொண்ணுகிட்ட நான் செஞ்சதும் இதுதான்.

ஞாயித்துக்கெழம பார்க்ல நடந்தது உனக்குத் தெரியும்னு நீ நெனைக்கிற. பாதிதான் தெரியும். டிக்கெட் வாங்குன எடத்துலயே அவ ஆரம்பிச்சுட்டா. ஒசரத்துக்குத் தக்கன கையில பேண்டு கட்டுறாங்க. சின்னதுங்களுக்கு சிவப்பு, நமக்கு மஞ்சள். "எனக்கும் மஞ்ச"ன்னு தரையில உக்காந்தா. பின்னாடி அம்பது பேரு லைன்ல நிக்கிறான். நீ வேர்த்து விறுவிறுத்து, "ஜெனி, ப்ளீஸ்டி, ஜெனி"ன்னு கெஞ்சுன. அன்னப்பறவை படகுல மஞ்சள் கெடைச்சுது, கொஞ்ச நேரம் நிம்மதி. ஐஸ்கிரீம்ல மாம்பழம் கெடைச்சுது. அப்புறம் அந்தச் சின்னப் புள்ளைங்க கார் ஓட்டுற எடம். எட்டு காரு, மஞ்சள் ஒண்ணே ஒண்ணு. மொத தடவ அதுல வேற ஒரு புள்ள ஓடிப் போயி உக்காந்துடுச்சு. திரும்ப லைன்ல நின்னோம். ரெண்டாந்தடவயும் போச்சு. அவ கேட்டைப் புடிச்சுக்கினு கத்துன கத்துல, விசில் ஊதுற அந்தப் பொண்ணு காதைப் பொத்திக்கிச்சு. நீ என்னைத் திரும்பிப் பாத்த. "அப்பா, நீ பேசுப்பா. உனக்குத்தான் பேச வரும்"ன்ன.

வரும்தான். குத்துக்கால் போட்டு அவ ஒசரத்துக்கு உக்காந்தேன். "ஆஹா, ஜெனிமா, மஞ்சள்னா சும்மாவா! ராஜாத்தி கலருடா"ன்னேன். அழுகை கொஞ்சம் நின்னுது. "ஆனா பாரு, அந்தக் காரு பாவம், காலையில இருந்து எல்லாரும் ஏறி ஏறி டயர்டாயிடுச்சு." அப்புறம் ஓரமா நின்ன பழைய பழுப்புக் காரைக் காட்டி, "இதுல ஏறுறியா?"ன்னேன். சீன்னா. ஒரு பக்கம் கலர் உரிஞ்சு போன பச்சையைக் காட்டுனேன். அதுக்கும் சீன்னா. அப்பதான் நீலக் கார் பக்கத்துல போயி, அதுமேல கைய வெச்சு மறைச்ச மாதிரி நின்னுக்கினு, "இது வேணாம்மா, இது யாரோ பெரிய எடத்துப் பாப்பாவுக்கு எடுத்து வெச்சிருக்காங்க"ன்னேன். விசில் ஊதுற பொண்ணு கெட்டிக்காரி, கப்புனு புடிச்சுக்கிச்சு. "ஆமா பாப்பா, இது ராணி காரு, ஒரே ஒரு ரவுண்டுதான் தருவோம்." லைன்ல நின்ன ரெண்டு அம்மாங்க, "ஐய, எவ்ளோ அழகா இருக்குது, உனக்குன்னே செஞ்ச மாதிரி"ன்னாங்க. கடையில நடக்குறதேதான், ஒரு எழுத்து மாறல. ஜெனி காரைப் பாக்கலடா. என் மூஞ்சியைப் பாத்தா. கொஞ்ச நேரம் பாத்துக்கினே இருந்தா. அப்புறம் பேசாம போயி நீலக் கார்ல உக்காந்துட்டா. நீ என் முதுகுல தட்டி, "செம்மப்பா!"ன்ன. அந்த அம்மாங்க கூட சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்புதான்.

நீ செல்லுல போட்டோ எடுத்துக்கினு இருந்த, அதனால அடுத்தது உனக்குத் தெரியாது. கார் மூணு சுத்து சுத்துச்சு. மொத சுத்துல அவ அந்த மஞ்சக் காரைத் திரும்பித் திரும்பிப் பாத்தா. ரெண்டாவது சுத்துல ஸ்டீரிங்குல இருந்து கைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. மூணாவதுல எதையும் பாக்கல. எறங்கி வந்ததும் குதிரை ராட்டினத்துக்குத் தூக்கிக்கினு போனேன். பாத்தா, மஞ்சக் குதிரை காலியா நிக்குது! எனக்கு ஒரே குஷி. "ஜெனிமா, மஞ்சக் குதிரைடா! ஏறிக்கிறியா? இல்ல வேற எது வேணும்?"ன்னேன். அவ குதிரைங்களைப் பாக்கவே இல்ல. "நீயே சொல்லு தாத்தா"ன்னா.

சாதாரணமாத்தான் சொன்னா. கோவம் இல்ல, அழுகை இல்ல. மஞ்சக் குதிரையிலயே தூக்கி உக்கார வெச்சேன். கம்பியப் புடிச்சுக்கினு உக்காந்தா, அவ்ளோதான். பக்கத்துல மெர்சி தண்ணி பாட்டிலோட நின்னுக்கினு இருந்தா. மெதுவா, என்னைப் பாக்காமலே, "அவ அழுதிருந்தாக்கூட பரவால்ல மாமா"ன்னா. உன் பொண்டாட்டி என்கிட்ட ஒரு தடவ கூட மரியாதை கொறைவாப் பேசுனதில்ல, அன்னிக்கும் பேசல. ஆனா அந்த ஒரு வார்த்தை ரெண்டு நாளா என்னை ஒரு எடத்துல உக்கார விடல.

ஏன்னா "நீயே சொல்லு"ங்கிறது எனக்குப் பழகுன வார்த்தை. உன் வாயில இருந்து இருபத்தஞ்சு வருஷமா கேட்டுக்கினு இருக்கேன். ஹோட்டல்ல என்னா சாப்புடுறன்னா, "நீயே சொல்லுப்பா." தீபாவளிக்கி பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்த பணத்துல என்னா வாங்கிக்கிறன்னா, "நீயே சொல்லுப்பா." ப்ளஸ் ஒன்ல எந்த க்ரூப்புடான்னா, அதேதான். ஊரெல்லாம், "உம் புள்ள மாதிரி அடக்கமான புள்ள உண்டா"ன்னான். நானும் தலைய நிமித்திக்கினு நடந்தேன். அது அடக்கம் இல்லடா. நான் உன்னைக் கேக்க விடாமப் பண்ணது.

எப்ப ஆரம்பிச்சுதுன்னு கூட எனக்குத் தெரியும். உனக்கு அஞ்சு வயசு. எங்க கடையில வேலை செய்யறவங்க குடும்பத்தையெல்லாம் வேன்ல ஏத்திக்கினு ஒரு பார்க்குக்குப் போனோம். பெரிய பெரிய டீ கப்பு மாதிரி இருக்கும், அதுல உக்காந்தா கிறுகிறுன்னு சுத்தும். அதுல ஒரு கப்பு வாடாமல்லி கலர். வீட்ல நான் கொண்டாந்து போடுற நூல் சாம்பிள்ல எல்லாம் உனக்கு வாடாமல்லிதான் புடிக்கும், தனியா எடுத்து தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குவ. அந்தக் கப்புதான் வேணும்னு நின்ன. அதுல ஆள் இருக்குது. முதலாளி பாக்குறாரு, முதலாளி வீட்டம்மா பாக்குறாங்க. என்கூட மெத்தையில உக்கார்றவன் ஒருத்தன், "என்னாபா, எவ்ளோ பெரிய கஸ்டமரையும் மடக்குறவன், சொந்தப் புள்ளைய மடக்க முடியலியா?"ன்னு சத்தமா கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரோஷம் பொத்துக்கிச்சு. அன்னிக்கி நான் உன்கிட்ட பேசல தம்பி, அவங்களுக்கு வித்தை காட்டுனேன். மூணு நிமிஷம். நீ நீலக் கப்புல ஏறிட்ட. எல்லாரும் கைதட்டுனாங்க. வீட்டுக்கு வந்ததும் உங்கம்மா, "எந்தக் கப்புல ஏறுன கண்ணு?"ன்னு கேட்டா. "அப்பா சொன்ன கப்புல"ன்ன. இதை நான் கடையில ஜோக்கா எத்தினி வருஷம் சொல்லி இருக்கேன் தெரியுமா? நேத்து அது ஞாபகம் வந்து, கடையில ஒரு கஸ்டமருக்குக் காட்ட எடுத்த புடவையைப் பிரிக்காமலே திரும்ப அடுக்குல வெச்சுட்டேன்.

இரு, தண்ணி குடிச்சுட்டு வரேன்.

வந்துட்டேன். வாசல்ல நின்னா, வரதராஜர் கோயிலுக்கு வந்த டூரிஸ்ட் பஸ்ஸு நம்ம தெரு முனையில மாட்டிக்கினு ஹாரன் அடிக்குது, அதைப் போயி ரிவர்ஸ் எடுக்க வெச்சுட்டு வந்தேன். எனக்கென்னா வேலை அதுல? இந்த நோட்டு முன்னாடி உக்கார முடியல, அதான். உள்ளதைச் சொல்லிடுறேன். ஒரு கொழந்தை, "எனக்கு இந்தக் கலர்தான் வேணும்"னு நின்னா எனக்குள்ள பாசம் வராது, எரிச்சல்தான் வரும். என்னா திமிருன்னு தோணும். நம்ம சொந்த ஊரு கூரத்துல எங்கப்பா பிறத்தியார் நெலத்துல வேலை செஞ்சவரு. பொங்கலுக்கு அவங்க வீட்ல எந்தத் துணி குடுக்குறாங்களோ அதான் எங்க கலரு. ஒரு வருஷம் எங்க அண்ணனுக்கும் எனக்கும் எங்கம்மாவுக்கும் ஒரே பீஸ்ல இருந்து கிழிச்சுக் குடுத்தாங்க, ஜன்னலுக்குப் போடுற துணி. மூணு பேரும் அதைப் போட்டுக்கினுதான் சர்ச்சுக்குப் போனோம். எனக்கு வேற கலர் வேணும்னு நான் கேக்கல. கேக்கலாம்னே தெரியாது. அப்படி வளந்தவன் பட்டுக்கடையில சேந்து, ஊர்ல இருக்குற பெரிய பெரிய வீட்டுப் பொம்பளைங்க கேட்ட கலரை அவங்க வாயாலயே வேணாம்னு சொல்ல வெக்கிறப்போ, உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்துச்சு. அதை இத்தினி வருஷத்துல யார்கிட்டயும் சொன்னதில்ல. அவங்ககிட்ட தீத்துக்க வேண்டியதை உன்கிட்டயும் தீத்துக்கிட்டேன் போல இருக்குது. இது நியாயம்னு சொல்ல வரல. எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன், அவ்ளோதான்.

கடையிலயும் ஒருத்தங்க எனக்குச் சொல்லிப் பாத்தாங்க. வந்தவாசிப் பக்கத்துல இருந்து ஒரு டீச்சரம்மா. மூத்த பொண்ணு கல்யாணத்துக்குத் தனக்குன்னு ஒரு புடவை, மாந்துளிர் கலர்ல கேட்டாங்க. நான் பேசிப் பேசி சாம்பல் நீலத்தைத் தலையில கட்டிவிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாங்க. நான் பல்லைக் காட்டிக்கினு, "வாங்க டீச்சர், உக்காருங்க"ன்னேன். அவங்க நின்னுக்கினே, "தப்பா நெனைச்சுக்காதீங்க, நான் வேற ஒருத்தர்கிட்ட பாத்துக்கிறேன். போன தடவ நீங்க குடுத்தது நல்ல புடவைதான். ஆனா கல்யாண போட்டோவைப் பாக்குறப்போ எல்லாம், அது நான் இல்லன்னு தோணுது"ன்னாங்க. சண்டை போட்டிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன். அவங்க சிரிச்ச மூஞ்சியா சொல்லிட்டு அடுத்த மெத்தைக்குப் போயிட்டாங்க. அன்னிக்கி சாப்பாட்டு வேளையில அவங்களை கேலி பண்ணிப் பேசுனேன். வாய்க் கொழுப்பு.

நம்ம வீட்ல என் வித்தை பலிக்காத ஒரே ஆளு உங்கம்மாதான். கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து பச்சை. பீரோவைத் தொறந்தா நாத்தங்கால் மாதிரி இருக்கும். நான் வாயத் தொறந்து, "ஆஹா, பச்சைன்னா சும்மாவா"ன்னு ஆரம்பிச்சா, "எனக்கு அடுப்புல வேலை இருக்குது, நீ போயி கடையில பேசு"ன்னு எந்திரிச்சுப் போயிடுவா. நீ சின்னதுல வாடாமல்லிக் கலர் தட்டுல போட்டாத்தான் சாப்புடுவ. நான் வீட்ல இருந்தா உன்னைப் பேசி சில்வர் தட்டுக்கு மாத்திடுவேன், அதுக்கு இருபது நிமிஷம் ஆகும். அவ என்னா பண்ணுவா தெரியுமா? அந்த வாடாமல்லித் தட்டைக் கழுவிப் போடுவா. அவ்ளோதான். கழுவலைன்னா, "தட்டு எச்சித் தட்டா கெடக்குது, இன்னிக்கி இதுல தின்னு, இல்லன்னா அழு"ன்னுட்டு அவ வேலையப் பாப்பா. நீயும் அழுதுட்டு தின்னுடுவ. உனக்குன்னு ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்குதுன்னா, அது அவ கழுவுன தட்டாலதான். நேத்து அவகிட்ட இதைச் சொன்னேன். "இப்பதான் தெரியுதா?"ன்னா.

உன் கல்யாணப் புடவை எடுக்குறப்போ மெர்சி ரெண்டு புடவையத் தோள்ல போட்டுக்கினு, "உனக்கு எது புடிக்குது?"ன்னு உன்னைக் கேட்டா. நீ என்னைப் பாத்த. அவ ரெண்டையும் கீழ வெச்சுட்டு, "நான் உன்னைத்தானே கேட்டேன்?"ன்னா. நீ அப்பவும் வாயத் தொறக்கல. நான்தான் சிரிச்சு மழுப்பி, என்னாத்தையோ பேசி சமாளிச்சேன். அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும். ஒறைக்கல.

சரி, இவ்ளோ நேரம் சுத்தி வளைச்சது போதும். எழுத வேண்டியதை எழுதிடுறேன். போன மாசம் நீ போன் பண்ண. "கம்பெனியில ரெண்டு சாய்ஸ் குடுத்திருக்காங்கப்பா. புனேல புது ப்ளான்ட்டு, மூணு வருஷம். இல்லன்னா இங்கயே இப்ப பாக்குற வேலையிலயே இருக்கலாம். அடுத்த மாசம் மொத வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணும்"ன்ன. அப்புறம், "இங்கயே இருந்தா..."ன்னு ஆரம்பிச்ச. நான், "ஆஹா, இங்க இருந்தா நல்லதுதான்பா, யாரு வேணாம்னா"ன்னு உள்ள பூந்துட்டேன். இங்க இருந்தா பதவி உயராதுன்னேன், வெயில்ல பஸ்ல அல்லாடணும்னேன், உன்கூட படிச்சவனெல்லாம் எங்கியோ போயிட்டான்னேன். மட்டமானது மூணு. அதுக்கு அப்பால, "புனேக்கெல்லாம் எல்லாரையும் கூப்புட மாட்டாங்கப்பா, உன்னை எடுத்து வெச்சிருக்காங்க"ன்னேன். அப்புறம், "சரி, நீயே சொல்லுப்பா"ன்ன. நான் சொன்னேன். மறுநாளே கடையில எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்து, "என் மவன் புனே போறான்"னு பீத்திக்கிட்டேன். போன்ல உன் மூஞ்சியை நான் பாக்கல. ஞாயித்துக்கெழம குதிரை மேல உக்காந்திருந்த ஜெனி மூஞ்சியைப் பாத்தப்போதான், அன்னிக்கி நீ எப்படி இருந்திருப்பன்னு தெரிஞ்சுது. "இங்கயே இருந்தா"ங்கிறதுக்கு அப்புறம் நீ என்னா சொல்ல வந்தன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. நான் கேக்கல. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்காதது அதுக்குத்தான்.

நீ கேட்ட டெக்னிக் சொல்லாம விட்டா நீ என்னை விட மாட்ட. அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், அதுவும் உங்கம்மாகிட்ட இருந்தும் மெர்சிகிட்ட இருந்தும் திருடுனது. ஜெனி எங்கியாவது பார்க்ல மஞ்சக் கார்தான் வேணும்னா, மஞ்சக் காருக்கு நில்லு. ஒரு சுத்து போனா போவுது, ரெண்டு சுத்து போனாலும் போவுது, பார்க் எங்கியும் ஓடிப் போவாது. ஓட்டுறவங்ககிட்ட போயி, "அடுத்த தடவ அந்த மஞ்சக் காரை எங்க பாப்பாவுக்கு விடுங்க"ன்னு வாயத் தொறந்து கேளு. கேக்குறதுல வெக்கம் என்னா? அப்படியும் கெடைக்கலைன்னா, கெடைக்கலைன்னு சொல்லு. அந்தக் காரு டயர்டுன்னு சொல்லாத, நீலம் அதைவிட ஒசத்தின்னு சொல்லாத. "மஞ்சள் இல்லடா, அதுல இன்னொரு பாப்பா இருக்குது"ன்னு சொல்லிட்டு பக்கத்துல நில்லு. கத்துவா. கத்தட்டும். நாலு பேரு பாப்பான். அவனுங்களுக்கு வேற வேலை இல்ல. வேற கார்ல ஏறுறேன்னு அவளா சொன்னா ஏத்து, ஏற மாட்டேன்னு சொன்னா வெளிய கூட்டிக்கினு வந்து தண்ணி குடிக்க வெய்யி. கேட்டது கெடைக்காம வீட்டுக்கு வர்ற புள்ள தூங்கி எந்திரிச்சா சரியாயிடும். கேக்கறதையே விட்டுட்ட புள்ளைய என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. உன்னை வெச்சுக்கினு இன்னும் முழிச்சுக்கினுதான் இருக்கேன்.

ஜெனி இன்னும் சின்னது. அடுத்த வாரமே திரும்ப மஞ்சள்னு நிப்பா, நின்னாள்னா எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. எனக்கு உன்னைப் பத்திதான் கவலை. இதைக் கவர்ல போட்டு, நாளைக்கி காலையில உங்க கம்பெனி பஸ்ல ஏறுற நம்ம தெருக்காரர் கையில குடுத்து அனுப்புறேன். புதன்கெழம மத்தியானம் உன் கைக்கு வந்துடும். நீ படிச்சதும் செல்லைத்தான் எடுப்ப, எனக்குத் தெரியும். "சரிப்பா, இப்ப நான் போகட்டுமா வேணாமா, நீயே சொல்லு"ன்னு கேப்ப. நீ இன்னும் கம்பெனியில பதில் சொல்லல, கெடு இந்த வெள்ளிக்கெழம; அது வரைக்கும் நான் உன் போனை எடுக்க மாட்டேன். கோவம்னு நெனைச்சுக்காத. எடுத்தா நான் பேசிடுவேன். இவ்ளோ எழுதுன அப்புறமும் என் வாயை நான் நம்ப மாட்டேன். உங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன். "புள்ள போன் பண்ணி எடுக்காம இருக்கறதா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"ன்னு கத்துனா. அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கினு, "சரி, நானும் எடுக்கல"ன்னா.

மெர்சிகூட உக்காந்து பேசு. அவ சொல்றதை அப்படியே சரின்னு தலையாட்டிட்டு வந்துடாத, அதுக்கு நானே தேவல. சண்டை போடு. நீ போகணும்னு முடிவு பண்ணா சென்ட்ரலுக்கு வந்து பெட்டி ஏத்தி விடுவேன். இருக்கணும்னு முடிவு பண்ணா, கடையில எல்லாருக்கும் குடுத்த ஸ்வீட்டை நான் பாத்துக்கிறேன், அது என் பாடு. எனக்கு எதுல ஆசைன்னு இதுல எங்கியாவது எழுதி இருக்கேனான்னு வரிக்கு வரி தேடாத. எழுதல. தெரிஞ்சா நீ அதையே எடுத்துக்குவ.

கம்பெனியில பதில் சொல்லிட்டு, அப்புறம் போன் பண்ணு. மொத மணியிலயே எடுத்துடுவேன். "அப்பா, நான் இப்படிச் சொல்லிட்டேன்"ன்னு நீ ஆரம்பி. ஏன், எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். "சரிப்பா"ன்னு மட்டும் சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாம இருக்க, வீட்டுக்குள்ள நடந்துக்கினே பழகிக்கினு இருக்கேன்.

அப்பா